வெளுத்த ஏலச் செடிகளோடு போடிமெட்டுக்கு

சென்ற கோடை விடுமுறையில் போடிமெட்டு மலையில் ஒரு மாதம் இருந்தேன் என்று சொன்னதும், எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "குளிர் எப்படி?" குளிர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் குளிருக்காகப் போகவில்லை. வெளுத்துப்போன ஏல நாற்றுகளை ஏற்றிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்த மலைக்குப் போக நினைப்பவர்களுக்கும், தொட்டியிலும் தகரத்திலும் செடி வளர்ப்பவர்களுக்கும் உபயோகப்படும் என்று தோன்றுவதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் மதுரையில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. என் அக்கா எஸ்தரைப் போடிநாயக்கனூரில் கொடுத்திருக்கிறது. அத்தான் தங்கையாவுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. போடிமெட்டுக்கு அப்பால் மூன்று மைல் தள்ளி, ஏலம் போடக் குத்தகைக்கு எடுத்த மலைச்சரிவும் ஒன்று உண்டு. அந்தச் சரிவில் இருந்த பழைய செடிகளைக் கட்டே நோய் தின்றுவிட்டது. இலையில் வெளிர்க் கோடு கோடாக விழுந்து, தூரே குட்டையாகி, காய்க்காமல் போய்விடும் நோய் அது. மருந்து கிடையாது, பிடுங்கி எறிவதுதான் வழி. எறிந்துவிட்டுப் புது நாற்று நடுவதற்குள் அத்தான் மலைப்பாதையில் சறுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். இந்த மழைக்காலத்துக்குள் நடாவிட்டால் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும். அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கலாமே என்று சித்திரைப் பாதியில் கிளம்பினேன்.

யுத்தத்தின்போது பிடுங்கிப்போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டுவிட்டதால் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலிலேயே போகலாம். ஐம்பத்தாறு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றேமுக்கால் ரூபாய் எடுத்து வைத்துக்கொண்டால் சில்லறை மீறும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது வலது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், காலை வெயில் கண்ணைக் குத்தும். தேனிக்குப் பிறகு மேற்கே மலை தெரியும். தெரிந்த பிறகு வேறு எதையும் பார்க்க மனம் வராது. போடியில் இறங்கியதும் மூக்கில் ஏலக்காய் வாசனை. ஊருக்குள் எந்தச் சரக்குக் கிட்டங்கியைத் தாண்டினாலும் அதுதான்.

அக்கா வீட்டுக் கொல்லையில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, மண்ணெண்ணெய்த் தகரங்களைக் குறுக்கே பாதியாக வெட்டி, அடியில் ஆணியால் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நாற்று வைத்திருந்தாள். நூறு தகரத்துக்குக் குறையாது. முந்தைய வருஷம் மலையில் போட்ட நாற்றங்காலைக் காட்டுப்பன்றி உழுது தள்ளிவிட்டதாம். அதனால் இந்தத் தடவை அங்கே முளைத்ததுமே சிறு நாற்றாகப் பிடுங்கி வந்து கீழே கண்முன் வளர்க்கத் துணிந்திருக்கிறாள். நாளைக்கு மூன்று தரம் சாக்கை நனைத்துப் பந்தலில் தொங்கவிட்டு, போடி வெயிலை ஏமாற்றியும் வைத்திருந்தாள். இத்தனை உழைப்பும் வீண்தானோ என்று தோன்றியது. ஏனென்றால் நாற்றுகள் அத்தனையும் வெளுத்திருந்தன.

"மாசிவரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு கிரேசு" என்றாள் அக்கா. "பொறவு ஒவ்வொரு புது எலையும் வெளுத்துக்கிட்டே வருது. நானும் ஊத்தாத தண்ணியில்ல, போடாத எருவில்ல. நான் தொட்டாத்தேன் இப்படி ஆகுதோ என்னமோ."

நான் குனிந்து பார்த்தேன். அடி இலைகள் ஓரளவு பச்சையாக இருந்தன. உச்சி இலைகள்தான் மஞ்சள். அதிலும் நரம்பு பச்சையாகவே நிற்க, நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே மட்டும் நிறம் போயிருந்தது. எருப் பற்றாக்குறை என்றால் முதலில் கிழட்டு இலை வெளுக்கும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுண்டு. வெயில் சுட்டால் ஓரம் காய்ந்து பழுக்கும். இது இரண்டுமில்லை. என்னவென்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

கட்டிலில் படுத்தபடியே அத்தான் சொன்னார்: "மேல கொண்டு போயிருங்க. மலைக்காத்துப் பட்டா தெளிஞ்சிரும். இங்க வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் மொகத்தைத் தூக்கிட்டு நின்னா செடி பச்சையாகாது."

மறுநாளே ஜீப்புப் பேசினோம். ஓட்டுநர் வீரணன் சிலமலைக்காரர். அத்தானின் கடைக்குப் பல வருஷமாக மூட்டை ஏற்றி இறக்குபவர். போடியிலிருந்து மெட்டுக்குப் பதினாறு மைல். ஆளாகப் போனால் தலைக்கு ஒன்றரை ரூபாய். லோடாகப் பேசினால் பதினெட்டு ரூபாய். பின்னால் இழுவைப் பெட்டியும் கட்டி நாற்பது தகரம் ஏற்றினோம். "சாயாம இருக்கணும்னா நடுவுல வைக்கோலைத் திணிங்க. வெரசா கெளம்பணும் அக்கா, பத்து மணிக்கு மேல மெட்டுல காத்து ஆளைத் தள்ளும்" என்று அவசரப்படுத்தினார். தகரங்களுக்கு ஊற்ற வேண்டுமே என்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு டின் நிறையப் பிடித்துக்கொண்டோம்.

முந்தல்வரை சமவெளிதான், மாந்தோப்பும் இலவமரமுமாகப் போகும். அதன் பிறகு சாலை மலையைச் சுற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்து, வயிறு புரட்டியதும் விட்டுவிட்டேன். (போகிறவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.) கீழே பார்த்தால் போடி ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அக்கா திரும்பி, பின்னால் தகரங்கள் நிற்கின்றனவா என்று பார்த்தபடியே வந்தாள்.

புலியூத்தில் மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஜீப்பு கொதித்துவிட்டதால் வீரணன் அங்கே நிறுத்தினார். நான் முன்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் டின்னைக் காட்டி, "இதை ஊற்றலாமே" என்றேன்.

"ஐயோ, அது வேணாம் டீச்சரம்மா! போடிக் கெணத்துத் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துனா உள்ளுக்குள்ள வெள்ளையாப் பொரிஞ்சு அடைச்சுக்கும். கல்லாட்டம் ஒட்டிக்கும். மலைத்தண்ணிதேன் வண்டிக்கு லாயக்கு. நான் கீழ ஓட்டுறதுக்கும் இங்கருந்துதேன் புடிச்சுட்டுப் போவேன்."

அக்கா சொன்னாள்: "எங்க வென்னீர்ப் பானையுந்தேன் அப்படி இருக்கும். சொரண்டுனா சுண்ணாம்பு மாதிரி உதிரும்."

அப்போது அது எனக்கு வண்டிச் சமாசாரமாகத்தான் பட்டது. தண்ணீரின் குளிர்ச்சியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

போடிமெட்டு நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரம். ஏறி வந்த சூடெல்லாம் அங்கே வீசும் காற்றில் ஒரே நொடியில் போய்விடும். அந்தப் பக்கம் திருவாங்கூர்-கொச்சி. மூட்டைகளைச் சோதிப்பார்கள். செடிக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடையில் ஓரணாவுக்குக் கண்ணாடிக் கிளாஸ் நிறைய டீ கிடைக்கும். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நிலச்சொந்தக்காரரின் ஏஜெண்டு எங்கள் இழுவைப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கம்பளிக் கோட்டும் கைத்தடியுமாக இருந்தார். குத்தகை விவகாரமெல்லாம் அவர் வாய்ச்சொல்தான்.

"என்னம்மா இது, கட்டே விழுந்த நாத்தைக் கொண்டாந்திருக்கீங்க?"

"கட்டே இல்லைங்க. வெத நல்ல தூருல எடுத்தது" என்றாள் அக்கா.

"கோடு கோடா வெளுத்திருக்கே, எனக்குக் கண்ணு தெரியாதா? இதைப் போய் அங்க நட்டா அக்கம்பக்கத்துச் செடியெல்லாம் போயிரும். ஒரு செடி மண்ணுல எறங்கக் கூடாது, சொல்லிட்டேன். வைகாசி பாதியில திரும்பி வருவேன். அதுக்குள்ள நல்ல நாத்துக் காட்டுங்க. இல்லைன்னா பக்கத்து எடத்துக் குருசாமிக்கு விட்டுருவேன். அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."

அவர்மேல் தப்பில்லை. ஏல இலையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். நடுவில் வெளுத்தால் பார்க்கக் கட்டேக் கோடு போலத்தான் இருக்கும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள். சிக்கல் என்னவென்றால், எங்கள் சரிவில் இருந்த கொட்டகை காற்றில் விழுந்துகிடந்தது. நாங்கள் தங்கப்போவதாக இருந்ததே அந்தக் குருசாமியின் வீட்டில்தான்.

மெட்டிலிருந்து உள்ளே ஜீப்பு போகாது. கழுதைகள்மேல் இருபுறமும் தகரங்களைக் கட்டி நடக்க வேண்டும். கழுதைக்கு ஒரு ரூபாய். மூன்று மைல் என்றாலும் ஏற்ற இறக்கத்தில் இரண்டு மணி நேரம் பிடித்தது. மேலே பெருமரங்கள், அவற்றின் கீழே ஆள் உயர ஏலச் செடிகள். வெளிச்சம் எல்லாம் இலை வழியாக வடிகட்டி வந்து விழுந்தது. காலடியில் மக்கிய சருகு பஞ்சு மாதிரி அமுங்கியது. வேறு சமயமாக இருந்தால் நின்று நின்று பார்த்திருப்பேன்.

குருசாமியும் அவர் மனைவி பொன்னுத்தாயும் கம்பம் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள். எஸ்டேட்டில் கூலியாக இருந்து, இப்போது சொந்தமாக ஒரு துண்டுச் சரிவு குத்தகைக்குப் பார்க்கிறார்கள். எல்லைப் பக்கம் பழகியதால் பொன்னுத்தாயின் பேச்சில் மலையாளம் கலந்து வரும், தண்ணீரை வெள்ளம் என்பாள். முற்றத்தில் கழுதைகளைப் பார்த்ததுமே அவள் வெளியே வந்தாள்.

"வாங்கக்கா. கஞ்சி இருக்கு, மொதல்ல குடிங்க."

அக்கா நடையிலேயே நின்றாள். "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருறேன் ஆத்தா. ஏஜெண்டு இதைக் கட்டேன்னு சொல்லிட்டாரு. ஒன் வீட்டுப் பக்கம் எறக்கினா ஒன் நாத்துக்குக் கேடு வருமோன்னு பயமா இருக்கு. வேணாம்னா சொல்லு, இப்பவே திருப்பிக்கிறோம்."

அந்த நேரத்தில், சுமையோடு நின்ற கழுதைகளின் முன்னால், அக்கா மறைக்காமல் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பொன்னுத்தாய் ஒரு தகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. குருசாமி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டேன்னா அங்கங்க விட்டு விட்டுக் கோடு விழும். பத்துச் செடில நாலுல இருக்கும், ஆறுல இருக்காது. இது அத்தனையிலயும் ஒரே மாதிரி இருக்கே. எனக்கும் நிச்சயமாத் தெரியல" என்றாள். பிறகு எழுந்து ஓடையைக் காட்டினாள். "என் நாத்தங்கால் இந்தப் பக்கம். ஓடைக்கு அந்தப் பக்கம் நெழல் இருக்கு, வெள்ளமும் இருக்கு. அங்க எறக்குங்க. தொட்டா கையைக் கழுவிட்டு இந்தப் பக்கம் வாங்க. செரியா?"

அப்படியே இறக்கினோம். அவளுடைய நாற்றங்காலையும் போய்ப் பார்த்தேன். அக்கா எடுத்த அதே தூரில் அவளும் எடுத்த விதை. அத்தனையும் கரும்பச்சை. விதையில் குற்றமில்லை என்றால் வேறு எதில்? சாயந்திரம் கஞ்சி குடிக்கும்போது பொன்னுத்தாய் அக்காவிடம் என்னென்ன போட்டாய் என்று கேட்டாள். கடலைப் பிண்ணாக்கு, ஆட்டு எரு, அப்புறம் அடுப்புச் சாம்பல் என்று அக்கா சொன்னாள்.

"சாம்பல் எம்புட்டு?"

"வாரா வாரம் ஒரு கை. மலையில நீங்கள்லாம் போடுவீகளே. வெளுக்க வெளுக்க இன்னுங் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"நாங்க போடுறது சருகு மக்கி மண்ணு புளிச்சுப் போகும்னுல்ல! கீழ மண்ணு புளிக்குமா?"

அங்கேதான் எனக்கு வீரணனின் ரேடியேட்டர் ஞாபகம் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. சாம்பலில் காரம். இரண்டும் சேர்ந்து, அந்தச் சின்னத் தகரத்துக்குள், வெளியே போக வழியில்லாமல் மாதக்கணக்கில் ஏறியிருக்கிறது. தரையில் என்றால் மழை அடித்துக்கொண்டு போகும், வேர் தள்ளிப் போய்த் தப்பிக்கும். தகரத்தில் நாம் ஊற்றியதுதான் அதற்கு உலகம். மண் காரமானால் அதில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இரும்பு கிடைக்காத செடிக்குப் புது இலைதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். லிட்மஸ் தாள் மதுரையில் பள்ளிக்கூட அலமாரியில் இருந்தது. முற்றத்தில் செம்பருத்தி பூத்திருந்தது. மறுநாள் காலை நாலு பூவைப் பறித்து வெந்நீரில் கசக்கி, ஊதா நிறச் சாறு எடுத்தேன். புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையடிக்கும். மூன்று தேங்காய்ச் சிரட்டைகளில் சாற்றை ஊற்றி, ஒன்றில் ஓடைத் தண்ணீர், ஒன்றில் போடிக் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் தகரத்தின் அடித்துளை வழியாக வடிந்த தண்ணீர் விட்டேன். முதலாவது நிறம் மாறவில்லை. இரண்டாவது நீலப்பச்சைக்குத் திரும்பியது. மூன்றாவது நல்ல பச்சை.

அக்கா சிரட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "அப்ப நான் பாசமா ஊத்துனதுதேன்..." என்று ஆரம்பித்தவளைப் பொன்னுத்தாய் முடிக்கவிடவில்லை.

"ஊத்தாம விட்டிருந்தா எப்பவோ காஞ்சிருக்கும்க்கா. உசுரோட கொண்டாந்து சேத்துட்டீங்க. இனி வெள்ளத்தை மாத்துவோம். இதுக்குப் போய் அழுவாங்களா?"

வேலை தொடங்கியது. தகரத்தின் மேல்மண்ணை வேர் தட்டும்வரை சுரண்டி எடுத்தோம். வெள்ளையாகப் பூத்திருந்த சாம்பல் படலம் அதோடு போனது. அடித்துளைகளைக் குச்சி விட்டுப் பெரிதாக்கி, ஓடைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றி அடிவழியாக ஓடவிட்டு மண்ணைக் கழுவினோம். பிறகு காட்டிலிருந்து மக்கின சருகு மண்ணை அள்ளி நிரப்பினோம். பொன்னுத்தாய் எங்களோடு முழங்காலிட்டு அந்தப் பக்கம் வேலை செய்துவிட்டு, சொன்னபடியே கையைக் கழுவிக்கொண்டு தன் நாற்றங்காலுக்குப் போனாள்.

இதற்கிடையில் மெட்டுக்கு வந்த வீரணனிடம் அன்னபேதி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெளிர்பச்சைக் கட்டி அது. இரும்புச் சத்துதான். சோகைக்குக் கொடுப்பார்கள். அடுத்த லோடோடு வந்தவர் மூன்று மைல் நடந்தே வந்து பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

"கடைக்காரர் யாருக்குச் சோகைன்னு கேட்டாரு. ஏலச் செடிக்குன்னேன். என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, தேன்ல கொழச்சுக் குடுங்கன்னுட்டாரு!"

அன்றுதான் அக்கா சிரித்தாள்.

படித் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி அன்னபேதி கரைத்து, வெயில் இறங்கிய பிறகு துணியால் தொட்டு உச்சி இலைகளில் தடவினோம். ஒரே ஒரு தகரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்துப் பார்த்தேன். இலை கறுத்துப் பொத்தலாகிவிட்டது. மருந்தாயிற்றே என்று அதிகம் போடாதீர்கள். மீதித் தகரங்கள் போடியிலேயே இருந்தன. விஷயத்தைக் கேட்ட வீரணன் வெறும் வண்டியாகத் திரும்பும்போதெல்லாம் புலியூத்தில் டின்களை நிரப்பி அத்தான் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவில்லை. "காலி டின்னு குலுங்கிக்கிட்டுத்தேன் வருது, தண்ணியோட குலுங்கட்டும்" என்றாராம்.

பிறகு காத்திருப்பு. வெளுத்த இலை மறுபடி பச்சையாகும் என்று தினம் ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கெட்ட இலை கெட்டதுதான். அடுத்து விரியும் குருத்தில்தான் பதில் தெரியும். கட்டே என்றால் அந்தக் குருத்திலும் கோடு விழும். அந்த நாட்களில் அக்கா மனத்தில் இருந்த கேள்வி ஒரு நாள் அரிசி களையும்போது வெளியே வந்துவிட்டது.

"எங்க எடம் போனா ஒங்களுக்குத்தேன் வரும்னு ஏஜெண்டு சொன்னாரு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றாள் பொன்னுத்தாய், கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்காமல். "எங்க வீட்டுக்காரருதேன் கேட்டு வச்சிருக்காரு. வேணாம்னு பொய்யா சொல்ல மாட்டேன். கெடைச்சா வாங்கிப்போம், எங்களுக்கும் புள்ளைக இருக்கு. அதுக்காக ஒரு செடி வெளுத்துச் சாகுறதை உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அது வேற, இது வேற."

குருசாமி எங்களோடு அதுவரை நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆனால் அடுத்த நாள் காலை எழுந்து பார்த்தபோது, ஓடையின் மேல்பக்கத்திலிருந்து பிளந்த மூங்கிலை வாய்க்கால் மாதிரி வரிசையாகக் கோத்து, தண்ணீர் எங்கள் தகரங்களின் தலைமாட்டுக்கே வந்து விழும்படி செய்திருந்தார். நாங்கள் குடத்தில் சுமந்தது அன்றோடு நின்றது. நன்றி சொல்லப் போனேன். "வழுக்குற பாறை. டீச்சரம்மாவும் விழுந்து வச்சா யாரு தூக்குறது?" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு சோலியைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாவது வாரத்தில் முதல் குருத்து விரிந்தது. அக்கா கூப்பிட்ட சத்தத்தில் நான் காலில் ஏறும் அட்டையையும் பார்க்காமல் ஓடினேன். சுருள் பாதிதான் அவிழ்ந்திருந்தது. விரலால் தொடக் கூசும் அளவுக்கு இளசு. வெளிர்பச்சைதான், ஆனால் நுனி முதல் அடிவரை ஒரே பச்சை. கோடில்லை. பொன்னுத்தாய் வந்து பார்த்தாள், அடுத்த தகரத்தைப் பார்த்தாள், பிறகு கையைக் கழுவாமலே ஓடையைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனாள். வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஏஜெண்டு சொன்னபடி வைகாசி பாதியில் வந்தார். கைத்தடியை ஊன்றிக் குனிந்து, தகரம் தகரமாகப் பார்த்தார். புது இலையைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். "கட்டே தெளியாது. இது தெளிஞ்சிருக்கு. அப்ப இது கட்டே இல்லை" என்று அவராகவே ஒப்புக்கொண்டார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன அந்த மனிதருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். "ஆனா பூரா சரிவுக்கும் இது காணாதே அம்மா" என்றும் சொன்னார்.

அது உண்மை. மூன்றில் ஒரு பங்கு நாற்றுகள் தேறவில்லை. வேர் கருகிப் போனவை அவை. அக்கா என்னைக்கூடக் கேட்கவில்லை. "மேல்பாதிக்கு எங்க நாத்து. கீழ்ப்பாதியில பொன்னுத்தாயி நாத்து. வெளைச்சலும் அப்படியே. ரெண்டு பேரு பேருலயும் எழுதிக்கங்க" என்றாள். குருசாமி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏஜெண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, குத்தகை ஒழுங்காக வந்தால் தனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். மீதித் தகரங்களை வீரணன் இரண்டு லோடில் மேலே கொண்டுவந்தார். ஆனி மழையில் நட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் நடவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த வருஷம் போய்ப் பார்த்தேன். செடிகள் இடுப்பளவுக்குத் தூர் கட்டி நிற்கின்றன. காய்ப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் பன்றி வரலாம், மழை பொய்க்கலாம், விலை விழலாம். அதெல்லாம் ஏலக்காரர்களுக்குப் பழக்கமான பயம். அத்தான் ஊன்றுகோலோடு நடக்கிறார். மலை ஏறும் சோலி இனி அக்காவுடையது என்று இருவருமே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பங்குனி, சித்திரையில் போனால் மழைக்கு முன் திரும்பிவிடலாம். ஆனி, ஆடியில் பாதை சரியும். மெட்டுக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், பகலுக்கு மேல் மூடுபனியில் வளைவு தெரியாது. கம்பளி ஒன்று போதும். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள். மெட்டில் டீக்கடையைத் தவிரத் தங்க இடமில்லை, உள்ளே யாரையாவது தெரிந்துவைத்துக்கொண்டு போவது நல்லது.

தொட்டியில் செடி வைத்திருப்பவர்கள், அது வெளுத்தால் உடனே எருவைத் தூக்காதீர்கள். வெளுத்தது பழைய இலையா புது இலையா என்று பாருங்கள். பழைய இலை என்றால் பசி. புது இலை வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் உங்கள் தண்ணீரையும் சாம்பலையும் சந்தேகப்படுங்கள். செம்பருத்திச் சாறு காலணாச் செலவில்லாமல் சொல்லிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், இலை மக்கு சேருங்கள், தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் ஒரு செடியில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மலையில் சாம்பல் நல்லது என்றால் மதுரையிலும் நல்லது என்று அர்த்தமில்லை.

மலையில் உங்களை வீட்டில் வைத்துக்கொள்பவர்களுக்குக் காசு கொடுக்கப் பார்க்காதீர்கள், வாங்க மாட்டார்கள், வருத்தமும் படுவார்கள். கீழேயிருந்து ஏறும்போது நல்ல கருவாடும் ஒரு வீசை கல் உப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே அவை எளிதில் கிடைப்பதில்லை. கையில் கொடுத்தால் "எதுக்கு இதெல்லாம்" என்று திருப்பித் தருவார்கள். விடிந்து கிளம்பும்போது அடுப்பங்கரையில் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, சொல்லாமல் இறங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பாதி வழியில் மேலேயிருந்து பொன்னுத்தாய் என்னைத் திட்டும் சத்தம் கேட்டது. சந்தோஷமாக நடந்தேன்.